டென்னஸிக்குப் போகாத கிட்டார்

வெர்லன் ஸ்ட்ரவுட்டுக்குப் பரிசு என்று ஒன்று வாழ்க்கையில் கிடைத்ததில்லை. கிடைக்க வழியும் இல்லை. மேற்கு டெக்சஸில் பிடில் போட்டி என்றால் பரிசு பிடில்காரனுக்குத்தான். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கிட்டாரில் தாள அடி பிடிக்கிறவனுக்கு ஒரு கைகுலுக்கல். ஜெயித்தவன் தாராள மனசுக்காரனாக இருந்தால் புகையில் வெந்த மாட்டிறைச்சி ஒரு தட்டு. நடுவர்கள் வேறு அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்பார்கள். முகம் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாதாம். அதற்காகப் பிடில்காரனுக்காவது ஒரு நம்பர் கொடுப்பார்கள். வெர்லனுக்கு அதுவும் கிடையாது. முப்பத்தைந்து வருடமாக அவன் இப்படி நம்பர் இல்லாத ஆளாகவே இருந்தான். அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவன் கேஸ் லாரி ஓட்டினான். டன்வெல்லைச் சுற்றி நாற்பது மைலுக்குப் பருத்திக்காடு. நடுநடுவே ஒற்றை ஒற்றையாக வீடுகள். கொல்லையில் நிற்கும் வெள்ளைக் கேஸ் தொட்டி காலியானால் அடுப்பும் எரியாது, வீடும் சூடாகாது. எந்த வீட்டுத் தொட்டி எப்போது காலியாகும் என்பது வெர்லனுக்கு அந்த வீட்டுக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டில் காபி தேறும் என்பதும் தெரியும்.

போட்டியில் அவன் செய்யும் வேலையைப் பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். பிடில் என்ன துள்ளு துள்ளினாலும் கிட்டார் துள்ளக் கூடாது. அடிக்கு ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மாற்ற வேண்டும். அடித்த கையோடு இடது கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிட வேண்டும். வெட்டினாற்போல நிற்க வேண்டும். வெர்லனுக்குக் கை அப்படியே படிந்துவிட்டது. படியாதது அவனுடைய கிட்டார்தான். அது கடையில் வாங்கிய, முகம் தட்டையான சாதாரணக் கிட்டார். பேச்சு முடிந்த பிறகும் எழுந்து போகாத விருந்தாளி மாதிரி அதன் ஒலி இழுத்துக்கொண்டே கிடக்கும். அதை அடக்கி அடக்கியே அவனுக்கு இடது மணிக்கட்டு வீணாகிவிட்டது.

இந்த வேலைக்கென்றே பிறந்த கிட்டார் வேறு ஜாதி. ஆர்ச்டாப் என்பார்கள். பலகையை வளைத்துச் செய்வதில்லை. கனத்த மரத்துண்டை உளியால் செதுக்கிச் செதுக்கி, பிடிலைப்போலவே நடுவில் குவிந்து ஓரத்தில் சரியும் முகத்தைக் கொண்டுவருவார்கள். ஒலித்துளையும் பிடிலுக்கு உள்ளதுபோல இரண்டு பக்கமும் கீறியிருக்கும். தொட்டதும் பேசும், பேசியதும் நிறுத்தும்.

அப்படி ஒன்று எங்கள் வட்டாரத்தில் ஓரிஸ் ப்ரூவிட்டிடம் மட்டும்தான் இருந்தது. நியூயார்க்கில் நுன்சியோ பரட்டா என்று ஓர் இத்தாலியக்காரர் 1938இல் கையால் செய்தது. ஃபோர்ட் வொர்த் ஹோட்டல் ஒன்றில் நடனக் குழுவில் வாசித்தவன் மின்சாரக் கிட்டாருக்கு மாறியபோது அவனிடமிருந்து ஓரிஸ் வாங்கினார். பத்தொன்பது வயதில், மாட்டுச்சந்தைக் கொட்டகை ஒன்றில் நடந்த போட்டியில் வெர்லன் அதை முதலில் கேட்டான். அன்றைக்கு யார் பிடில் வாசித்தார்கள் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அதன்மேல் அவனுக்கு ஒரு கண்.

ஓரிஸுக்கும் அது தெரியும். வெர்லன் பேச்சை எடுத்தாலே சிரிப்பார்.

"லவெலை வேணா ஒரு வாரம் கூட்டிட்டுப் போடா. பிஸ்கட் நல்லா சுடுவா. இத மட்டும் கேக்காத."

"ஒரு வாரமா? ரெண்டு நாள் உங்களத் தனியா விட்டா பட்டினியா கெடப்பீங்க," என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும் அவர் மனைவி லவெல். போட்டிதோறும் மூன்றாவது வரிசையில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு.

ஒரே ஒரு தடவை, வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் ஓரிஸின் கட்டைவிரல் நசுங்கிய வருடம், வெர்லன் அதை நாலு பாட்டுக்கு வாசித்தான். அந்த நாலு பாட்டுக்கும் அவன் மணிக்கட்டு வலிக்கவில்லை. அதைப் பற்றி அவன் பெண்டாட்டி நீவாவிடம் சொன்ன தடவைகளைக் கணக்கெடுத்தால் நீவாவுக்குக் கோவில் கட்டலாம்.

ஓரிஸ் எண்பது வயதில், ஒரு நவம்பர் மாதம் இறந்துபோனார். எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. வாயால்தான் பாட்டு. அதனால் அடக்க ஆராதனையில் யாரும் எதையும் வாசிக்கப்போவதில்லை. ஆனாலும் முந்தின நாள் மாலை, உடலைப் பார்வைக்கு வைக்கும்போது சவப்பெட்டி பக்கத்தில் கிட்டாரைச் சாத்தி வைத்திருப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அது அங்கே இல்லை. வெர்லன்தான் கேட்டான்.

"வித்தாச்சு," என்றாள் லவெல். "டென்னஸிக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரு."

வெர்லனுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. மனிதர் போய் இரண்டு நாள் ஆகவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! வீட்டை அடமானம் வைத்தாவது வாங்கியிருப்பானே! அதற்குப் பிறகு நாலு வருடம் லவெலின் வீட்டுக்கு மாதம் தவறாமல் போனான், தொட்டியை நிரப்பினான், ரசீதைக் கதவிடுக்கில் செருகினான், வந்துவிட்டான். காபிக்கு நிற்பதில்லை. அவளும் கூப்பிடவில்லை.

நாலு வருடம் முடிந்து வந்த பிப்ரவரியில், வடக்கிலிருந்து காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, அவன் குழாயைச் சுருட்டும்போது லவெல் பின்கதவைத் திறந்தாள். அவளுக்கு அப்போது எழுபத்தாறு வயது.

"வெர்லன், உள்ள வா. கால நல்லாத் தொடச்சிட்டு வா."

சமையலறை மேசையில் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் மாவும் பாலும் கலந்த வெள்ளைக் குழம்பும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஓரிஸின் பழைய பழுப்புநிறக் கிட்டார் பெட்டி. வெர்லன் தொப்பியைக் கழற்ற மறந்து நின்றான்.

"உக்காரு. டென்னஸிக்காரன்னு எவனும் கெடையாது. நான் பொய் சொன்னேன்."

"ஏன் மிஸ் லவெல்?" வயசான பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நான் அத ஒடச்சிட்டேன்."

அவள் உட்காராமலே சொன்னாள். பார்வைக்கு வைக்கும் நாள் விடியற்காலையில், சவப்பெட்டி பக்கத்தில் வைக்கப்போகிறோமே, தூசும் தும்புமாக வைக்கக் கூடாது என்று துடைக்க எடுத்தாள். மேசை நாற்காலிக்குப் போடும் எலுமிச்சை எண்ணெயை எடுத்துக்கொண்டாள். கம்பி இடைஞ்சலாக இருந்தது. ஆறு கம்பிகளையும் கழற்றினாள்.

"கழட்டினதும் அந்தக் குதிரை டக்குனு கையோட வந்துருச்சு வெர்லன். ஒட்டியிருந்தத நான் பேத்து எடுத்துட்டேன். நாப்பத்தஞ்சு வருஷம் அவரு ஒரு கீறல் விடல. அவரு மண்ணுக்குள்ள போறதுக்கு முந்தியே நான் ஒடச்சுப்போட்டேன்."

குதிரை என்றால் கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்னக் கட்டை. அதைத் திரும்பப் பொருத்தி, கம்பி மாட்டி, சுருதிக்குழலை ஊதிக் கம்பிகளைச் சேர்த்து, தனக்குத் தெரிந்த ஒரே கார்டைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். காது கூசியது. கம்பிகள் கரகரத்தன. எண்ணெய் வேறு மரத்துக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கிட்டார் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"சுத்தம் பண்றப்போவெல்லாம் தொடப்பம் அதுல இடிக்கும். இடிக்கிறப்போவெல்லாம் அவருகிட்ட மன்னிப்புக் கேப்பேன். போதும். நீ எடுத்துட்டுப் போ. வாசிக்க ஒதவாது, சுவத்துல மாட்டிக்க. உனக்குத்தான் அது மேல ஆசை."

வெர்லன் பெட்டியைத் திறந்தான்.

பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. சாதாரணக் கிட்டாரில்தான் குதிரை ஒட்டியிருக்கும். இந்த ஜாதிக் கிட்டாரில் அது ஒருநாளும் ஒட்டியிருப்பதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கும். அதனால்தான் கம்பியை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஆறையும் கழற்றினால் குதிரை கையோடு வரத்தான் செய்யும். லவெல் அதை இடம்வலமாகத் திருப்பி, அரைவிரல் தள்ளி வைத்திருந்தாள். பழைய இடத்தில், மெருகில் இரண்டு பாதங்களின் தடம் தெளிவாகத் தெரிந்தது. அதைத் திருப்பித் தடத்தில் நிறுத்தினால் தீர்ந்தது. கழுத்து நேராக இருந்தது. மரத்தில் விரிசல் இல்லை. எண்ணெய் மெருகைத் தாண்டி உள்ளே போகவே இல்லை.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "ஒண்ணும் ஒடையல மிஸ் லவெல், குதிரையத் திருப்பி வெச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." வெர்லன் அதை வாய்வரைக்கும் கொண்டுவந்தான். கூடவே இன்னொன்றும் தோன்றியது. சொன்னால் வாசித்துக் காட்டச் சொல்வாள். அதைக் கேட்ட பிறகு அவளுக்குக் கொடுக்க மனசு வருமா? முப்பத்தேழு வருட ஆசை மேசைமேல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டான்.

"மெத்த நன்றிங்க மேடம்," என்றான். பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்தான். லாரியில் பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்து, அதற்கும் பெல்ட் போட்டான். மீதி நாலு வீடுகளுக்கு அன்று கேஸ் போகவில்லை.

வீட்டில் சமையலறை மேசைமேல் போர்வை விரித்து வேலையைத் தொடங்கினான். கம்பிகளைத் தளர்த்தினான், குதிரையைத் திருப்பினான், பாதங்களைத் தடத்தில் நிறுத்தினான், சுருதி சேர்த்தான். காபி கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு ஒரே ஒரு கார்டை அடித்து விரல்களைத் தளர்த்தினான்.

ஒலி எழுந்தது, நின்றது. நடுவில் ஒரு பிசிறு இல்லை. நாலு வருடத் துருக் கம்பியிலேயே இப்படி! அவன் ஒரு வேகப் பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பிடிலே இல்லாமல், வெறும் அடியாக வாசித்தான். பிறகு ஜோடி நடனத்துக்கான ஒரு வால்ட்ஸ் மெட்டு. ஒவ்வொரு கார்டிலும் மூன்று ஸ்வரங்களும் தனித்தனியாகக் காதில் விழுந்தன. செதுக்கிய முகத்தின் சரிவில் உளி போன வழியை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு பக்கச் சரிவு மறுபக்கத்தைவிட ஒரு மயிரிழை அதிகம். அந்த இத்தாலியக்காரர் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தார். அந்த இடத்தைத் தொட்டபோது வெர்லனுக்கு ஏனோ கண் கலங்கியது.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை முடித்து நீவா வந்தாள். கதவருகே நின்று கேட்டாள். அவளுக்கும் காது உண்டு.

"இது ஓரிஸோடது இல்ல?"

"ஆமா." அவன் நடந்ததைச் சொன்னான்.

"ஒடஞ்சிருச்சுன்னு சொன்னே?"

"அவங்க அப்படி நெனச்சாங்க. ஒடையல. குதிரை திரும்பியிருந்துச்சு, சரிபண்ணிட்டேன்."

"ஒடையலன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

வெர்லன் இன்னொரு கார்டை அடித்தான்.

"காது கேக்கலையா? தெரியுமான்னு கேட்டேன்."

"அவங்களாத்தான் குடுத்தாங்க நீவா. நான் கேக்கக்கூட இல்ல."

"கிட்டாரக் குடுத்தாங்க, சரி. புருஷன் சாமான ஒடச்சிட்டோம்னு நாலு வருஷமா உள்ளுக்குள்ள வெந்துட்டு இருக்காங்களே, அதயும் தூக்கி உன் லாரியிலயா வெச்சாங்க? அது இன்னும் அங்கதான் கெடக்கு."

அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெர்லன் சண்டை போட்டுத் தப்பித்திருப்பான். வெள்ளிக்கிழமை லாரியை எடுக்காமல் நாள் முழுக்க வாசித்தான். வாசிக்க வாசிக்கச் சுகம் குறைந்துகொண்டே வந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இதைப் போட்டியில் வாசித்தால் மூன்றாவது வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு விரலுக்குக் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

லவெல் சமையலறை மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெர்லன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பெட்டியைத் திறந்து வாசித்தான். இரண்டு கார்டுகளிலேயே அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டாள். பாட்டு முடிந்தது.

"நான் எப்படி வெச்சிருந்தேன், காட்டு."

அவன் கம்பிகளைத் தளர்த்திக் குதிரையைத் திருப்பிக் காட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். அந்தக் கட்டையைத் தன் விரலாலேயே பிடித்து நேராகத் திருப்பினாள். மறுபடி தப்பாகத் திருப்பினாள். மறுபடி நேராக்கித் தடத்தில் நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதாங்க."

"ஒடையவே இல்லயா?"

"எல்லாருக்கும் கையோடதாங்க வரும். ஓரிஸ் ஆறையும் கழட்டியிருந்தா அவருக்கும் வந்திருக்கும்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"வியாழக்கெழம இந்த மேசையில பெட்டியத் தெறந்தப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"பாத்த ஒடனேயா?"

"ஒடனேதாங்க."

அவள் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் உனக்குக் குடுத்தது ஒடஞ்ச கிட்டார் வெர்லன். இது நல்ல கிட்டார். இத நான் யாருக்கும் குடுக்கல."

அவன் வீடு திரும்பியபோது நீவா வாசலில் நின்றிருந்தாள். வெறுங்கையைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன். வாங்கி வெச்சுக்கிட்டாங்க." பொரித்த வெண்டைக்காயைத் தட்டில் வைத்தாள் அவள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான். சரியான காரியத்தைச் செய்தால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். வெர்லனுக்கு ஒன்றும் லேசாகவில்லை. கையை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்ததுபோலத்தான் இருந்தது.

விஷயம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மே மாதப் போட்டியில் டப் ஹோல்கம் என்கிற பிடில்காரன் வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்துக்கொண்டே வம்புக்கு இழுத்தான்.

"கைக்கு வந்ததக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தியாமே? அவ்வளவு நல்லவனா நீ? தெரிஞ்சிருந்தா உன்கிட்ட என் டிராக்டர அடகு வெச்சிருப்பேனே!"

"வாயால வாசிச்சது போதும் டப். பிடில எடு."

லவெல் மூன்றாவது வரிசையில்தான் இருந்தாள். கிட்டார் கொண்டுவரவில்லை. டாலஸிலிருந்து ஒரு வியாபாரி கிட்டாரை விலைக்குக் கேட்டு அவளுக்கு இரண்டு தடவை போன் செய்ததாகவும், இரண்டாவது தடவை அவனைப் பேசவிடாமல் வைத்துவிட்டதாகவும் சொன்னார்கள். வெர்லன் தன் தட்டைமுகக் கிட்டாரை அடக்கி அடக்கி வாசித்தான். டப்புக்கு இரண்டாம் பரிசு.

மாதம் ஒருமுறை அவள் வீட்டுத் தொட்டியை முன்போலவே நிரப்பினான். அவளும் வேறு கம்பெனிக்கு மாறவில்லை. பார்த்தால் தலையசைப்பாள். அவனும் தலையசைப்பான்.

அக்டோபர் கடைசியில் அவள் போன் செய்தாள்.

"கம்பியெல்லாம் துருப்புடிச்சுக் கெடக்கு. புதுசு வாங்கி வெச்சிருக்கேன். வந்து மாத்திக் குடு. ஒண்ணொண்ணா."

"தெரியுங்க மேடம்."

ஞாயிறு ஆராதனை முடிந்து, கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றாமல் போனான். அவள் மடியில் ஒரு கிண்ணம் நிறைய பீகன் கொட்டைகளை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் ஒரு கம்பியைக் கழற்றினான், புதியதை மாட்டினான், இறுக்கினான், அடுத்ததற்குப் போனான். அவள் கொட்டையை உடைத்தாளே தவிர, கண் அவன் கையைவிட்டு நகரவில்லை. ஆறும் மாட்டி முடித்தான். புதுக் கம்பி உடனே படியாது. வாசிக்க வாசிக்க இளகும். இறுக்கி இறுக்கி வாசிக்க வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வாசி," என்றாள்.

வாசித்தான். இரண்டு பாட்டு, மூன்று பாட்டு. புதுக் கம்பியில் அந்தக் கிட்டார் அவனுடைய முப்பத்தேழு வருட நினைப்பைவிட நன்றாக இருந்தது. மணிக்கட்டு வலிக்கவில்லை. ஒலி எழுந்த இடமும் நின்ற இடமும் சமையலறைச் சுவருக்கே தெரிந்தன. நாலாவது பாட்டின் நடுவில் அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கடேசி வாரம் ஆஸ்பத்திரியில ஓரிஸ் சொன்னாரு, 'இத வெர்லனுக்குக் குடுத்துரு'ன்னு. அதனாலதான் வித்தாச்சுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன். உன்னுதப் போயி ஒடச்சுப்புட்டேனேன்னு."

வெர்லனின் கை நின்றுவிட்டது.

"அந்த வியாழக்கெழம நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரிபண்ணி, நானே லாரியில ஏத்தி வெச்சிருப்பேன்."

"ஆமாங்க."

"இப்பவும் குடுக்கலாந்தான். அவரு சொன்னதாச்சே. மனசு வரமாட்டேங்குது வெர்லன்."

"பரவாயில்ல மிஸ் லவெல்," என்றான் அவன். பேசிய நேரத்தில் இரண்டாவது கம்பி இளகி இறங்கியிருந்தது. அதை இறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தான்.